சாம்பார் வைத்தால் வருகிற தண்ணீர்

பவனேஷின் பள்ளிக் காலணிக்குள் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது.

சின்ன நண்டுதான். ஆனால் அதன் ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. காலை நுழைக்க வந்த பவனேஷைப் பார்த்து அது கொடுக்கைத் தூக்கிக் காட்டியது. ஏழு வயதுப் பவனேஷ் போட்ட சத்தத்தில், சமையலறையில் இருந்த அம்மா திலகமும், பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா திருச்செல்வமும், தலை பின்னிக்கொண்டிருந்த அக்கா நித்தியாவும் ஒன்றாக வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

வாசலில் தண்ணீர் நின்றது.

“மறுபடியுமா?” என்றார் அம்மா.

ஒரு வாரமாக மழை இல்லை. இருந்தாலும் விடிகாலையில் கால்வாய் நிரம்பி, தெருவில் வழிந்து, கணுக்கால் அளவுக்கு நின்றது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கெல்லாம் வந்த வழியே போய்விடும். சேற்றை மட்டும் நினைவாக விட்டுப்போகும்.

“நான்தான் சொன்னேன்ல,” என்றான் பவனேஷ், நண்டிடமிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டு. “அம்மா சாம்பார் வெச்சா தண்ணி வருது. கோழி வெச்சா வர மாட்டேங்குது. நேத்து சாம்பார். இன்னைக்குத் தண்ணி.”

பவனேஷுக்குச் சாம்பார் என்றாலே வேப்பங்காய். அதனால் இதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா வழக்கம்போல நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘காலணி நனைந்துவிட்டதால் நித்தியா இன்று சிலிப்பர் போட்டு வருகிறாள். மன்னிக்கவும்.’ பவனேஷுக்கும் அதேபோல் ஒன்று எழுதினார். அதில் நண்டைப் பற்றியும் எழுதச் சொல்லி அவன் அடம்பிடித்தான்.

மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது அந்தத் தெரு. மொத்தம் இருபது வீடுகள். எல்லாரும் முன்பு உள்நாட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து, பிறகு இங்கே குடிவந்தவர்கள். மழையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தோட்டத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டால் மண்வெட்டியோடு போய்த் திறந்துவிடுவார்கள். தண்ணீர் ஓடிவிடும். அடைத்தால் திற, அவ்வளவுதான் அவர்களுடைய சட்டம். கடலைப் பற்றி மட்டும் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருந்தது. தங்களுக்கும் அதற்கும் என்ன பேச்சு என்று இருந்துவிட்டார்கள்.

அந்தத் தெருவிலேயே தாழ்வான வீடு தனேஸ்வரி ஆண்ட்டியுடையது. தினமும் விடிகாலையில் வாசலில் அடுப்பு வைத்துத் தோசை சுடுவார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் பசியாறுவார்கள். அவருடைய மகன் ஷர்வினும் நித்தியாவும் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரே மேசையில் உட்காருகிறவர்கள். முதலாம் ஆண்டில் தொடங்கிய சண்டையும் நட்பும் இன்னும் முடியவில்லை.

அன்று காலை அடுப்பு எரியவில்லை. தனேஸ்வரி ஆண்ட்டி கதவு வாசலில் நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வீட்டுக்குள்ளும் போயிருந்தது.

“இன்னும் ஒரு தடவை உள்ள வந்துச்சுன்னா போதும்,” என்றார் அவர் நித்தியாவின் அம்மாவிடம். “செரண்டாவுல அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன். அங்க ஒரு பெக்டரி வேலை இருக்காம். ஷர்வினையும் அங்கயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம்.”

ஷர்வின் எதுவும் பேசவில்லை. பள்ளிக்கு நடக்கும்போதும் பேசவில்லை. வழக்கமாக அவனைப் பேசாதே என்று சொல்வதுதான் கஷ்டம். அவன் இல்லாத மேசையை நித்தியாவால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குழாய் உடைந்திருக்கும் என்றார்கள். ஆள் வந்து பார்த்ததில் எந்தக் குழாயும் உடையவில்லை. எதிர்வீட்டு இராமையா, முனியாண்டி சாமிக்குப் போன வருடம் பூஜை போடாததுதான் காரணம் என்றார். நித்தியாவின் அப்பாவோ, “ஆத்துக் கதவுதான் நல்லாத் திறந்து கிடக்குதே, அப்புறம் ஏன் நிக்குது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கதவைத் திறந்தவரே அப்பாதான். தெருக்கோடியில், ஆற்றங்கரை மேட்டுக்கு அடியில், கால்வாய் ஒரு பெரிய குழாய் வழியாக ஆற்றில் விழுகிறது. குழாயின் ஆற்றுப்பக்க வாயில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஓர் இரும்பு மூடி தொங்குகிறது. தெருவில் எல்லாரும் அதை ஆத்துக் கதவு என்பார்கள். போன தீபாவளியை ஒட்டி அடைமழை பெய்து தெரு மூழ்கியபோது, அப்பா கொட்டும் மழையில் போய்ப் பார்த்தார். மூடி சாத்திக் கிடந்தது. அடைத்தால் திற. அப்பா டிராக்டரில் இருந்த நீலக் கயிற்றை எடுத்து, மூடியைத் தூக்கி, மேலே இருந்த கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. தெருவே அவரைப் புகழ்ந்தது. தனேஸ்வரி ஆண்ட்டி ஒரு சட்டி பாயசம் கொடுத்தனுப்பினார்.

அன்று பள்ளியில் ஆசிரியை நித்தியாவின் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, இதுவரை வந்த எல்லாக் கடிதங்களையும் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஆறு கடிதங்கள் சேர்ந்திருந்தன. இனிமேல் கடிதம் தேவையில்லை, தண்ணீர் வந்தால் சிலிப்பரோடு வந்துவிடு என்று அன்பாகச் சொன்னார்.

நித்தியா அவற்றை மேசையில் அடுக்கினாள். ஒரு தாள் காற்றில் புரண்டது. முன்பக்கத்தில் பெரிய தேதியும், அதற்குக் கீழே சின்னதாக ‘அமாவாசை’ என்றும் இருந்தது.

அவள் அடுத்த தாளைத் திருப்பினாள். பௌர்ணமி. அடுத்தது அமாவாசை. அதற்கடுத்ததும் அமாவாசை. பிறகு ஒரு பௌர்ணமி. ஆறில் ஒன்று மட்டும் அமாவாசைக்கு மறுநாள் தாளாக இருந்தது. நேற்றைய தாள்தான் காலையில் கிழிபடும். அப்படியென்றால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள் விடிந்தால் தண்ணீர் வருகிறது.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அம்மா வீட்டில் மீன், கோழி எதுவும் சமைக்கமாட்டார். சாம்பார்தான்.

“ஷர்வின்,” என்றாள் நித்தியா மெதுவாக. “என் தம்பி சொன்னது சரிதான்.”

ஷர்வின் தாள்களைப் பார்த்தான். காலையில் இருந்து திறக்காத வாயைத் திறந்தான். “ஜெராம்ல இருந்து மீன் கொண்டாருவாருல்ல, நல்லசாமி அங்கிள், அவரு சொல்வாரு. அமாவாசை, பௌர்ணமி வந்தா கடல் பெருசா ஏறுமாம். ஆத்துக்குள்ளயும் வருமாம். காலைல பெருசா ஒரு தடவை, சாயங்காலம் கொஞ்சம் கம்மியா ஒரு தடவை.”

“அப்போ இன்னைக்குச் சாயங்காலமும் வரும்லா?”

அன்று மாலை ஆறரை மணிக்கு இருவரும் கரைமேட்டில் ஏறி, கம்பி வேலிக்குப் பின்னால் நின்றார்கள். எப்போதும் பள்ளத்தில் கிடக்கும் ஆறு அன்று மேலே வந்திருந்தது. கரையோரப் புதர்கள் பாதி முழுகியிருந்தன. கீழே நீலக் கயிற்றில் தூக்கிக் கட்டிய மூடி அப்படியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

நித்தியா ஒரு பெரிய இலையைப் பறித்து, கால்வாய்ப் பக்கம் போட்டாள். அது ஆற்றை நோக்கிப் போக வேண்டும். ஆனால் இலை சற்று யோசித்தது போல நின்று, திரும்பி, தெருவை நோக்கி மிதந்து போனது. அதன் பின்னால் ஒரு தென்னம்பாளையும் போனது.

“ஆத்துத் தண்ணி உள்ள வருது,” என்றான் ஷர்வின்.

அந்த மூடி அடைத்துக்கொண்ட கதவு இல்லை. ஆறு உயரும்போது மூடிக்கொள்வதுதான் அதன் வேலை. ஆறு இறங்கினால், உள்ளே இருக்கும் தண்ணீர் தள்ளித் திறந்துகொள்ளும். அன்று மழையில் தண்ணீர் வடிந்தது கயிற்றால் அல்ல, அந்த நேரத்துக்கு ஆறு இறங்கிவிட்டதால்.

ஷர்வினின் முகம் சிவந்தது. “இது உங்கப்பா கட்டின கயிறு. ஆறு மாசமா எங்கம்மா பாயைப் பிழிஞ்சுக்கிட்டு இருக்காங்க.”

நித்தியாவுக்குக் கண் கலங்கியது. அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத, ஷர்வின். நானே அப்பாகிட்டப் பேசுறேன்.”

அவன் விறுவிறுவென்று இறங்கிப் போனான். ஆனால் அன்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இரவெல்லாம் நித்தியா புரண்டு புரண்டு படுத்தாள். அப்பா அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை எப்படி அணைப்பது? சொல்லாமல் இருந்தால் ஷர்வின் செரண்டாவுக்குப் போய்விடுவான்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை வாசலில் கிளப்பினார். தோட்டம் பக்கத்திலேயே இருந்ததால் மாலையில் அதை வீட்டுக்கே ஓட்டி வந்துவிடுவார். டிராக்டரின் புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கும். அதன் உச்சியில் ஒரு குட்டி மூடி உண்டு. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது எழுந்து டக் டக் டக் என்று ஆடியது.

நித்தியா பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான். இன்றுதான் அதை உற்றுப் பார்த்தாள்.

“அப்பா, அந்த மூடி எதுக்கு?”

“மழைத் தண்ணி உள்ள போகாம இருக்கத்தான்மா. புகை வந்தா தள்ளித் திறந்துக்கும். இஞ்சினை நிப்பாட்டினா தானா மூடிக்கும்.”

“திறந்தபடியே கட்டி வெச்சா புகை இன்னும் நல்லாப் போகும்லப்பா?”

அப்பா சிரித்தார். “நல்லாத்தான் போகும். ராத்திரி மழை பெஞ்சா குழாய் வழியா இஞ்சினுக்குள்ள தண்ணி இறங்கும். அப்புறம் நான் இதைத் தள்ளிக்கிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகணும்.”

நித்தியா தலையைத் திருப்பினாள். தெருக்கோடியில் தெரிந்த கரைமேட்டைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அவர் இஞ்சினை நிறுத்தினார். மூடி டக்கென்று விழுந்தது.

“ஆறு ஏறுமா?” என்றார் அப்பா.

“ஏறுதுப்பா. நேத்து நானும் ஷர்வினும் பார்த்தோம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறுது.” அவள் ஆறு தாள்களையும் அவர் கையில் கொடுத்தாள்.

அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு டிராக்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். “பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கா முடிஞ்சிருச்சேம்மா. அந்தத் தங்கச்சி வீட்டுல தண்ணி விட்டதே நான்தானா? அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

பெரியவர்கள் அப்படிக் கூனிப்போய் உட்காருவதை நித்தியா அதிகம் பார்த்ததில்லை. அவள் அவர் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு அவங்க வீட்டுக்காகத்தான நனைஞ்சுக்கிட்டுப் போனீங்க. அதையும் சேர்த்தே சொல்லலாம்பா. நான் கூட வரேன்.”

இருவரும் போனார்கள். தனேஸ்வரி ஆண்ட்டி சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா சுற்றி வளைக்கவில்லை. கயிறு கட்டியது தப்பு, கதவு ஏன் மூடுகிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது, மன்னித்துவிடு தங்கச்சி என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றார்.

தனேஸ்வரி ஆண்ட்டி கையில் இருந்த துடைப்பத்தை ஓங்கிக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆறு மாதச் சேறு லேசுப்பட்டதா?

“ஆறு மாசமா நான் முனியாண்டி சாமியைத் திட்டிக்கிட்டு இருந்தேன் அண்ணே,” என்றார் கடைசியில். “இப்போ நான் போயி அவருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஆண்ட்டியின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. உள்ளே கதவருகே நின்ற ஷர்வின்தான் முதலில் சிரித்தான்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அப்பா தலையைச் சொறிந்தார். கதவு மூடியிருக்கும் நேரம் பார்த்து மழையும் பெய்தால் என்ன செய்வது? அந்தத் தண்ணீர் எங்கே போகும்? தீபாவளியின்போது நடந்தது அதுதானே?

நல்ல கேள்விதான். நித்தியாவும் ஷர்வினும் கால்வாயைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு ஆள் இறங்கி நிற்கும் ஆழமுள்ள கால்வாய் அது. இப்போது முழங்கால் ஆழம்கூட இல்லை. சேறு, டயர், தேங்காய் மட்டை, திருவிழாவில் கட்டிய வாழைமரங்கள், யாரோ போட்ட மெத்தை.

“கதவு திறக்குற வரைக்கும் தண்ணி இங்கதான காத்திருக்கணும்?” என்றாள் நித்தியா. “அது உக்கார இடத்துல நம்ம குப்பையை உக்கார வெச்சிருக்கோம்.”

அப்பா வடிகால் இலாகாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். தாங்களாகத் தொட வேண்டாம், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை இருவர் வந்து கயிற்றை அவிழ்த்து, கீல்களுக்கு எண்ணெய் போட்டார்கள். கட்டியது யார் என்று கேட்டபோது அப்பா கையைத் தூக்கினார். அவர்கள் அவரைத் திட்டவில்லை. பக்கத்துப் புதரை வெட்டிக் காட்டினார்கள். உள்ளே ‘தொடாதீர்கள்’ என்று மலாயில் எழுதிய பலகை இருந்தது. புதர் வளர்ந்து அதை மறைத்திருந்தது. கயிற்றைச் சுருட்டி அப்பாவிடமே கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கோத்தோங் ரோயோங்கில், எல்லாரும் சேர்ந்து செய்கிற துப்புரவு வேலையில், இறங்கியது. அடிச்சேற்றை அள்ள இலாகா ஒரு எந்திரத்தை அனுப்பியது. மற்றக் குப்பையைத் தெருவாசிகளே வாரினார்கள். நித்தியாவின் அப்பா முதலில் இறங்கி, கடைசியாக ஏறினார். பவனேஷின் தொலைந்துபோன பந்து கிடைத்தது. இராமையாவின் ஒற்றைச் சிலிப்பரும் கிடைத்தது. மற்றொன்றை அவர் போன வருடமே தூக்கி எறிந்திருந்ததால் அதில் யாருக்கும் லாபமில்லை. மாலையில் இராமையா முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்றார். மட்டையை மட்டும் கவனமாகக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

பௌர்ணமி வந்தது. தனேஸ்வரி ஆண்ட்டி அன்று இரவு பாய்களை எல்லாம் கட்டிலின் மேல் அடுக்கிவிட்டார். பெட்டி ஒன்றும் பாதி அடுக்கித் தயாராக இருந்ததாக ஷர்வின் சொன்னான். நித்தியாவின் அம்மாவோ வேண்டுமென்றே பெரிய சட்டி நிறையச் சாம்பார் வைத்தார்.

விடிகாலையில் இடி இடித்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆறு ஏறும் அதே நேரம். நித்தியா எழுந்து வாசலுக்கு ஓடினாள். எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் குடையோடு நின்று கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் ஏறியது. பாதிக் கால்வாய். முக்கால். விளிம்புக்கு இரண்டு சாண் கீழே. ஒரு சாண் கீழே. ஷர்வின் நித்தியாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

அங்கேயே நின்றது.

மழை விட்டது. ஒரு சாண் கீழே நின்ற தண்ணீர், விளிம்பைத் தாண்டவே இல்லை. ஒன்பது மணியளவில் கரைமேட்டுப் பக்கம் இருந்து ‘டங்’ என்று ஓர் இரும்புச் சத்தம் கேட்டது. ஆறு இறங்கியதும் மூடி தானாகத் திறந்துகொண்ட சத்தம். கால்வாயில் நின்ற தண்ணீர் மெல்ல நகர்ந்து, ஆற்றை நோக்கி ஓடத் தொடங்கியது. ஒரு வாழையிலை அதன் மேல் ஏறி, சரியான திசையில் போனது.

நித்தியாவின் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

“ஷர்வின்,” என்று கூப்பிட்டார் தனேஸ்வரி ஆண்ட்டி. “அந்தப் பெட்டியில வெச்ச தோசைக்கல்லை எடுத்துட்டு வா.”

அவன் போன வேகத்தில் வழியில் இருந்த வாளி உருண்டது.

வாசலில் அடுப்பு எரிந்தது. அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை, எல்லாருக்கும் தோசை. திலகம் அம்மா தன் பெரிய சட்டியைத் தூக்கி வந்து, தோசைகளின் மேல் கரண்டி கரண்டியாகச் சாம்பார் ஊற்றினார். பவனேஷின் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி.

“பார்த்தியா,” என்றார் அவர். “சாம்பார் வெச்சேன். தண்ணி வரலை. இனிமே அந்தக் கதையெல்லாம் நடக்காது.”

பவனேஷ் தட்டை வெகுநேரம் பார்த்தான். பிறகு அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி அவள் காதில் கேட்டான்.

“அக்கா, அப்பா அந்த நீலக் கயித்தை எங்க வெச்சிருக்காரு?”